ப்ளூஸ் பாடகிகளைக் கேட்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகையான ப்ளூஸைப் பாடிய பெஸ்ஸி ஸ்மித் என்ற பெயரைத் தேடத் தொடங்கும் எவருக்கும் முதலில் எதிர்ப்படுவது அவருடைய மரணம்தான். மிசிசிப்பி நெடுஞ்சாலையில் 1937இல் நடந்த கார் விபத்து, அதன்பின் பெயர்ப்பலகை இல்லாமல் கிடந்த கல்லறை ஆகியவற்றைப் படித்து முடித்த பிறகே பலரும் அவருடைய பாட்டுக்கு வருகிறார்கள். அவர் காலத்துக் கறுப்பினப் பாடகிகள் பலரைப் பற்றியும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அவர்களுடைய குடியும் காதலும் வறுமையும் விரிவாகச் சொல்லப்படுகின்றன. எந்த ஊர்களில் எந்த மேடைகளில் பாடினார்கள், ஒரு பாட்டுக்கு என்ன ஊதியம் வாங்கினார்கள், எந்தத் தாளில் கையெழுத்திட்டார்கள் என்பவை ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றன. நானும் பல ஆண்டுகள் அந்த வரிசையிலேயே படித்தேன், கேட்டேன். துயரக் கதைகளைத் தள்ளி வைத்துவிட்டு, இவர்களைத் தொழில் தெரிந்த உழைப்பாளிகளாகப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் பாட்டே எனக்குக் காதில் விழுந்தது. அந்தப் பாதையைப் புதியவர்களுக்குப் படிப்படியாகச் சொல்வதே இங்கே என் நோக்கம்.

முதலில் காதைப் பழக்குதல்

பழைய இசைத்தட்டின் இரைச்சல் புதியவரை விரட்டிவிடும். ஆகவே அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொள்வது முதல் வேலை. 1925 வரை பெரும்பாலான ஒலிப்பதிவுகளில் ஒலிவாங்கி கிடையாது. பாடகி ஒரு பெரிய கூம்புக் குழலின் முன்னால் நின்று பாடுவார். அவருடைய குரலின் அதிர்வே ஓர் ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். முரசும் தாழ்ந்த சுர வாத்தியங்களும் இந்த முறையில் சரியாகப் பதிவாகவில்லை. அதோடு, மா ரெய்னி என்ற பாடகி பாடிய பாராமவுண்ட் இசைத்தட்டு நிறுவனத்தைப் போன்ற சிலர் மலிவான மூலப்பொருளில் தட்டுகளை வார்த்தார்கள். பாராமவுண்ட் உண்மையில் விஸ்கான்சின் மாநிலத்து நாற்காலித் தொழிற்சாலை ஒன்றின் கிளை. கிராமபோன் வைக்கும் மரப்பெட்டிகளை விற்ற அந்தத் தொழிற்சாலை, பெட்டி விற்க வேண்டுமானால் தட்டும் வேண்டும் என்றுதான் இசைத்துறைக்கே வந்தது. ஒரு மாபெரும் குரல் இரைச்சலுக்குள் புதைந்து கிடப்பதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

ஆகவே மிகப் பழையவற்றிலிருந்து தொடங்காமல், மின்சார ஒலிப்பதிவு வந்த பிறகு 1927 பிப்ரவரியில் பெஸ்ஸி ஸ்மித் பாடிய 'பேக் வாட்டர் ப்ளூஸ்' என்ற பாட்டிலிருந்து தொடங்குங்கள். அதில் இருப்பவை ஒரு குரலும் ஜேம்ஸ் பி. ஜான்சனின் பியானோவும் மட்டுமே. வெள்ளத்தில் வீட்டை இழந்த ஒரு பெண், படகில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டு, மேட்டில் நின்று தன் வீட்டைத் திரும்பிப் பார்ப்பதுதான் பாட்டு. முதல்முறை கேட்கும்போது சொற்களைத் தேடாமல் குரல் எங்கே நிற்கிறது, எங்கே தேய்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். இரண்டாம் முறை பியானோவின் இடக்கையைப் பின்தொடருங்கள். மழையும் நீரும் அங்கேதான் புரள்கின்றன. மூன்றாம் முறை பாடல் வரிகளை எழுத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒலியளவைக் குறைத்து, காதில் பொருத்தும் ஒலிபெருக்கியில் கேட்டால் இரைச்சல் தானாகவே பின்னால் போய்விடும்.

மூன்று அடியும் பதிலும்

ப்ளூஸின் அடிப்படை வடிவத்தை ஒரு மாலையில் கற்றுவிடலாம். பாடகி ஓர் அடியைப் பாடுவார். அதையே சிறிது நிறம் மாற்றி மறுபடி பாடுவார். மூன்றாவது அடியில் அதற்கு ஒரு முடிவையோ மறுப்பையோ சொல்வார். ஒவ்வோர் அடிக்கும் நான்கு பார்கள்; பார் என்பது தாளத்தை அளக்கும் ஓர் அலகு, ஒவ்வொரு பாரிலும் நான்கு தாள எண்ணிக்கைகள். ஆக மொத்தம் பன்னிரண்டு பார்கள். குரல் ஒவ்வோர் அடியிலும் ஏறக்குறையப் பாதி இடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். மீதி இடம் வாத்தியத்துக்கு உரியது. இந்தப் பங்கீட்டை உணர 1925 ஜனவரியில் பெஸ்ஸி ஸ்மித் பாடிய 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' பதிவைக் கேளுங்கள். அவர் மூச்சு விடும் ஒவ்வோர் இடத்திலும் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட், அதாவது ட்ரம்பெட் போன்ற ஓர் ஊதுகருவி, பதில் சொல்கிறது. பின்னால் ஓர் ஆர்மோனியம் மெல்ல இழைகிறது. இந்தப் பாடகிகள் பாடியவை எல்லாமே பன்னிரண்டு பாருக்குள் அடங்குபவை அல்ல என்பதையும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வாட்வில் என்னும் பல்சுவை மேடைகளிலிருந்து வந்தவர்கள். மேடைப்பாட்டு, நகைச்சுவை, நடனம் எல்லாம் கலந்ததே அவர்களுடைய தொழில்.

1920, ஆகஸ்ட் 10

இனி வரலாற்று வரிசைக்கு வரலாம். நியூயார்க்கில் 1920 ஆகஸ்ட் 10 அன்று மேமி ஸ்மித், பெர்ரி பிராட்ஃபோர்ட் எழுதிய 'கிரேசி ப்ளூஸ்' என்ற பாட்டை ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். கறுப்பினப் பாடகி ஒருவர் பாடிய முதல் ப்ளூஸ் இசைத்தட்டு என்று இதையே குறிப்பிடுகிறார்கள். கறுப்பின மக்கள் தங்கள் குரலைத் தாங்களே விலை கொடுத்து வாங்குவார்கள் என்று இசை நிறுவனங்கள் அதுவரை எண்ணியதில்லை. அந்தத் தட்டு விற்ற வேகத்தைப் பார்த்த பிறகு எல்லா நிறுவனங்களும் பாடகிகளைத் தேடி ஓடின. ரயில்களில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள் அமெரிக்காவின் தெற்கத்திய ஊர்களுக்கு இத்தகைய தட்டுகளைச் சுமந்து சென்று விற்றார்கள். கறுப்பின வாடிக்கையாளர்களுக்கென்றே 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்ற தனிப் பிரிவு விரைவிலேயே உருவானது. கிதார் வாசிக்கும் ஆண்களின் இசை என்றே ப்ளூஸ் இன்று பலர் மனத்தில் நிற்பதால், இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: இசைத்தட்டில் ப்ளூஸைக் கொண்டுவந்து அதற்கு ஒரு சந்தையை உருவாக்கியவர்கள் பெண்கள்.

ஒரு சிறிய எச்சரிக்கையும் இங்கே தேவை. பெஸ்ஸி, மேமி, கிளாரா, டிரிக்ஸி ஆகிய நான்கு பாடகிகளுக்கும் ஸ்மித் என்பதே குடும்பப் பெயர். ஆனால் அவர்களுக்குள் உறவு எதுவும் கிடையாது. தேடும்போது முழுப் பெயரையும் ஆண்டையும் சேர்த்தே தேடுங்கள்.

மா ரெய்னியும் பயணமும்

கெர்ட்ரூட் பிரிட்ஜெட் என்ற இயற்பெயர் கொண்ட மா ரெய்னி, 1923இல் முதல் தட்டைப் பதிவு செய்தபோது ஏற்கெனவே இருபது ஆண்டுகளுக்கு மேல் மேடை அனுபவம் உள்ளவர். 1904இல் வில் ரெய்னியை மணந்து, அவரோடு சேர்ந்து 'ராபிட் ஃபுட்' என்ற கூடாரக் குழுவிலும் பிற குழுக்களிலும் தெற்கு முழுவதும் பாடியவர். பருத்தி அறுவடை முடிந்து மக்கள் கையில் காசு புரளும் காலத்தில் கூடாரம் அடிப்பதும், ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடுவதும் அவருடைய தினசரி வேலை. இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு 1924இல் அவர் பாடிய 'சீ சீ ரைடர்' பாட்டைக் கேளுங்கள். அவர் அவசரப்படுவதே இல்லை. பெரிய கூட்டத்தை நிறுத்தி வைக்கத் தெரிந்தவரின் நிதானம் அது.

இசைத்தட்டும் மேடையும் ஒன்றையொன்று எப்படி விற்றன என்பதை அறிய, அவருடைய குழுவை நடத்திய தாமஸ் டோர்சி நினைவுகூர்ந்த காட்சியைவிட நல்ல சான்று இல்லை. மேடையில் ஒரு மாபெரும் கிராமபோன் பெட்டி நிற்கும். ஒரு பெண் வந்து பெரிய தட்டு ஒன்றை அதில் வைப்பார். உள்ளிருந்து மா ரெய்னியின் குரல் எழும். பிறகு கதவு திறந்து, தங்கக் காசு மாலையும் மினுக்கும் உடையுமாக அவரே வெளியே வருவார். தட்டை வாங்கியவருக்கு ஆளைக் காணும் ஆசையும், ஆளைக் கண்டவருக்குத் தட்டை வாங்கும் ஆசையும் ஒரே காட்சியில் எழுந்தன.

பயணத்தின் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கறுப்பினப் பார்வையாளர்களுக்கான அரங்குகளை இணைத்த 'டோபா' என்ற அரங்க உரிமையாளர் சங்கத்தின் வழியாகவே இவர்களில் பெரும்பாலோர்க்கு வேலை கிடைத்தது. ஊதியம் குறைவாகவும், ஒரு நாளில் பல காட்சிகளாகவும், தங்கும் வசதி மோசமாகவும் இருந்ததால், அந்தச் சங்கத்தின் பெயரெழுத்துகளுக்குக் 'கறுப்பினக் கலைஞர்களைப் படுத்துவது' என்ற பொருள்பட வேறொரு விரிவைக் கலைஞர்களே சொல்லிக்கொண்டார்கள். ஆனாலும் ஆண்டு முழுவதும் வேலை தந்தது அதுதான்.

மா ரெய்னியின் பாட்டுகளில் 1928இல் பதிவான 'புரூவ் இட் ஆன் மீ' என்பதைத் தவறவிடாதீர்கள். பெண்கள்மேல் தமக்குள்ள நாட்டத்தைச் சவாலாகவே முன்வைத்து ஒரு பெண் பாடும் பாட்டு அது. அதை ஒரு வணிக நிறுவனம் அந்தக் காலத்தில் விளம்பரம் செய்து விற்றது. அதே ஆண்டில் பாராமவுண்ட் அவரை விலக்கியது. அவருடைய நாட்டுப்புறப் பாணி பழசாகிவிட்டது என்பது காரணம். அவர் சில ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த ஊர் என்று அவர் சொன்ன ஜார்ஜியாவின் கொலம்பஸுக்குத் திரும்பி, அரங்குகளை வாங்கி நடத்தி, 1939இல் இறந்தார். அங்கே அவருடைய வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

பெஸ்ஸி ஸ்மித்: பாட்டின் பக்கத்தில் கணக்கு

இந்தப் படியில் அதிக நாள் தங்குங்கள். டென்னசியின் சட்டனூகாவில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, அண்ணன் ஆண்ட்ரூவின் கிதாரோடு தெருவில் பாடிக் காசு சேர்த்தவர் பெஸ்ஸி ஸ்மித். 1912இல் ஒரு பயணக் குழுவில் அவர் சேர்ந்தது நடனமாடுபவராகத்தான். மா ரெய்னியும் அந்தக் குழுவில் இருந்தார். கொலம்பியா நிறுவனம் 1923 பிப்ரவரியில் 'டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்' என்ற பாட்டோடு அவரைப் பதிவு செய்தது. அது பெரும் எண்ணிக்கையில் விற்றது. அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழ 160 பாட்டுகளை அவர் பதிவு செய்தார்.

இப்போது அவருடைய ஒப்பந்தத்தைக் கவனியுங்கள். கொலம்பியா தந்தது, வெளியிடத்தக்க ஒவ்வொரு பாட்டுக்கும் 125 டாலர். விற்பனையில் பங்கு, அதாவது ராயல்டி, கிடையாது. தொடக்கத்தில் அந்தத் தொகையிலும் பாதி, இடையில் நின்ற இசையமைப்பாளர் ஒருவருக்குப் போனது. பெஸ்ஸி நேரில் சென்று வாதாடி அந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். ஆயிரக்கணக்கில் விற்ற தட்டுகளின் லாபம் எங்கே போயிற்று என்பது இதிலிருந்தே விளங்கும். அவரைத் தம் காலத்தில் மிக அதிக ஊதியம் வாங்கிய கறுப்பினக் கலைஞர் ஆக்கியது மேடை. அந்த மேடைப் பணத்தில் 1925இல் அவர் தமக்கென ஒரு ரயில் பெட்டியையே செய்துவாங்கினார். இதை ஆடம்பரம் என்று எழுதுபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கறுப்பினத்தவருக்கு அறை தராத ஊர்களில், முழுக் குழுவும் உறங்கவும் சமைத்து உண்ணவும், கூடாரத்தை ஏற்றிச் செல்லவும் அந்தப் பெட்டி உதவியது. நல்ல முதலாளி தன் தொழிலாளருக்குச் செய்ய வேண்டியதை அவர் செய்தார்.

ஒரு குறிப்பேட்டை எடுத்து ஒவ்வொரு பாட்டுக்கும் நான்கு செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள்: பதிவான நாள், ஊர், உடன் வாசித்தவர்கள், நிறுவனம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் நடத்தும் அமெரிக்க வரலாற்று ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அமெரிக்கச் சட்டப்படி 1923க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரியில் பொதுவுடைமையாகிவிட்டன. 1923இல் வந்தவை 2024இலும், 1924இல் வந்தவை 2025இலும் அவ்வாறே ஆயின. இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் அவற்றைத் தயக்கமின்றிக் கேட்கலாம். ஒரு பாடகியின் எல்லாப் பதிவுகளையும் கால வரிசையில் கேட்க விரும்பினால், டாக்குமெண்ட் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட தொகுப்புகள் அதற்கென்றே செய்யப்பட்டவை. 'தலைசிறந்த பாட்டுகள்' என்ற தொகுப்புகளில் ஆண்டுகள் முன்னும் பின்னுமாகக் கிடக்கும். தொடக்கத்தில் அவற்றைத் தவிருங்கள்.

கதைகளைத் தேதியோடு உரசிப் பார்த்தல்

குறிப்பேட்டின் பயன் விரைவிலேயே தெரியும். 'பேக் வாட்டர் ப்ளூஸ்' 1927இன் மாபெரும் மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றியது என்று பல இடங்களில் படிப்பீர்கள். ஆனால் பாட்டு பதிவானது பிப்ரவரியில். அந்த வெள்ளத்தில் மிசிசிப்பியின் பெரும் கரை உடைந்தது ஏப்ரலில். பாட்டின் பின்னால் இருப்பது 1926 கிறிஸ்துமஸை ஒட்டி நாஷ்வில் நகரில் கம்பர்லாந்து ஆறு பெருகிய வெள்ளம் என்பது ஆய்வாளர் முடிவு. பாட்டு வெளியான சமயத்தில் பெரிய வெள்ளம் வந்ததால், மக்கள் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

பெஸ்ஸியின் மரணத்தையும் இதே கவனத்தோடு அணுகுங்கள். வெள்ளையர் மருத்துவமனை ஒன்று அவரை ஏற்க மறுத்ததால் அவர் இரத்தம் வடிந்து இறந்தார் என்ற கதை, 1937 நவம்பரில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் ஓர் இசை இதழில் எழுதியதிலிருந்து பரவியது. நடந்தது வேறு. 61ஆம் எண் நெடுஞ்சாலையில் செப்டம்பர் 26 அதிகாலையில் விபத்து நேர்ந்தது. அவ்வழியே வந்த மருத்துவர் ஒருவர் சாலையிலேயே முதலுதவி செய்தார். பெஸ்ஸி கிளார்க்ஸ்டேல் நகரின் கறுப்பினத்தவருக்கான மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுசெல்லப்பட்டு, வலக்கை அகற்றப்பட்டு, அன்று காலையே உயிர்நீத்தார். அங்கே வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் மருத்துவமனைகள் தனித்தனியாக இருந்தன என்பதே போதிய கொடுமை. அதைச் சொல்ல நடக்காத ஒன்றைச் சேர்க்கத் தேவையில்லை. பென்சில்வேனியாவில் உள்ள அவருடைய கல்லறைக்கு 1970இல்தான் கல் நடப்பட்டது. அதற்குப் பணம் தந்தவர்கள் ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினும் வானிட்டா கிரீன் என்பவரும்.

கிதார் ஏந்தியவரும் பின்வந்தவர்களும்

1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியும் பேசும் படமும் சேர்ந்து வாட்வில் மேடையை முடக்கின. பெஸ்ஸி ஸ்மித்தின் கடைசிப் பதிவு 1933இல் நடந்தது. அப்போது ஒரு பாட்டுக்குக் கிடைத்தது 37.50 டாலர். அந்தக் கடினமான ஆண்டுகளிலும் தொடர்ந்து பதிவு செய்தவர் மெம்ஃபிஸ் மின்னி. மெம்ஃபிஸ் நகரின் பீல் தெருவில் கிதார் வாசித்து வளர்ந்து, தாமே எழுதி, வாசித்து, பாடியவர் அவர். 1929இல் கணவர் ஜோ மக்காயோடு அவர் பதிவு செய்த 'வென் த லெவி பிரேக்ஸ்' மேலே சொன்ன 1927 வெள்ளத்தைப் பற்றியதே. 1941இல் வந்த 'மி அண்ட் மை ஷோஃபர்' பாட்டையும் கேட்டால், பாடகி, பின்வாத்தியக்காரர் என்ற பழைய பிரிவு எப்படி மறைந்தது என்பது விளங்கும்.

அதன் பிறகு இரண்டு பேரைக் கட்டாயம் கேளுங்கள். பிக் மாமா தார்ன்டன் 1952இல் பதிவு செய்த 'ஹவுண்ட் டாக்' அடுத்த ஆண்டு ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. எல்விஸ் பிரெஸ்லி அதை 1956இல் பாடி உலகப் புகழ் பெற்றார். தமக்குக் கிடைத்தது ஒரே ஒரு 500 டாலர் காசோலை என்று தார்ன்டன் சொல்லிவந்தார். பெஸ்ஸியின் ஒப்பந்தத்தைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. மற்றவர் கோகோ டெய்லர். டென்னசியிலிருந்து சிகாகோ வந்து, பகலில் பணக்கார வீடுகளைச் சுத்தம் செய்து, இரவில் மதுக்கூடங்களில் பாடிய அவரைப் பாடலாசிரியர் வில்லி டிக்சன் கண்டெடுத்தார். 1966இல் வெளிவந்த 'வாங் டாங் டூடுல்' அவருடைய பெயரை நிலைநாட்டியது. 2009இல் இறக்கும்வரை அவர் மேடையை விடவில்லை.

ஒரே பாட்டை மூன்று முறை

கடைசிப் படிக்கு மறுபடியும் 'டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்' பாட்டுக்கு வாருங்கள். அதை எழுதியவர்கள் இரண்டு பெண்கள்: பாடகி ஆல்பர்ட்டா ஹண்டரும் பியானோக் கலைஞர் லவி ஆஸ்டினும். மெம்ஃபிஸில் 1895இல் பிறந்த ஹண்டர், சிறுமியாகவே சிகாகோவுக்கு ஓடிவந்து, மட்டமான விடுதிகளில் தொடங்கி லண்டன் மேடை வரை சென்றவர். 1928இல் அங்கே பாடகரும் நடிகருமான பால் ராப்சனோடு நடித்தார். தாயின் மரணத்துக்குப் பிறகு பாட்டை நிறுத்திவிட்டு, வயதைப் பன்னிரண்டு ஆண்டுகள் குறைத்துச் சொல்லிச் செவிலியர் பயிற்சி பெற்று, நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் இருபது ஆண்டுகள் நோயாளிகளைக் கவனித்தார். 1977இல் மருத்துவமனை அவருக்கு எழுபது வயதாகிவிட்டது என்று எண்ணி ஓய்வு கொடுத்தது. அப்போது அவருக்கு 82. அதே ஆண்டு கிரீனிச் வில்லேஜில் இருந்த ஓர் உணவகத்தில் மறுபடி பாடத் தொடங்கி, 1984இல் இறக்கும் ஆண்டு வரை பாடினார்.

அவர் 1922இல் பாராமவுண்டுக்குப் பாடிய பதிவை முதலில் கேளுங்கள். அடுத்து பெஸ்ஸி ஸ்மித்தின் 1923 பதிவு. பிறகு ஹண்டர் எண்பது கடந்து 1978இல் பாடியது. முதலாவதில் ஓர் இளம்பெண் கேலியும் துடுக்குமாகப் பாடுகிறார். இரண்டாவதில் அதே சொற்கள் கனத்து, மெதுவாக நடக்கின்றன. மூன்றாவதில் குரல் தழைந்து கரகரத்திருக்கிறது; ஆனால் எந்தச் சொல்லுக்குச் சற்றுப் பிந்தி வர வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்பதை அந்தக் குரல் ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. மூன்றையும் ஒரே நாளில், இந்த வரிசையிலேயே கேளுங்கள்; குறிப்பேட்டில் மூன்று பதிவுகளின் நாளையும் ஊரையும் அடுத்தடுத்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.